பேரவையில் ஊழியருக்கு இடம் எங்கே?

2024 மே 2ஆம் திகதி இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் கல்விசாரா ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்று தொடங்கிய பணிப்பகிஷ்கரிப்பு இரண்டு மாதங்களைத் தாண்டியது. நூலகங்கள் பூட்டிக் கிடந்தன. ஆய்வுகூடச் சாவிகளை எடுத்துத் தர ஆள் இல்லை. பரீட்சைகள் தள்ளிப்போயின, பெறுபேற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். விரிவுரையாளர்கள் இருந்தும் பல்கலைக்கழகம் நடக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தை அன்றாடம் யார் நடத்துகிறார்கள் என்பதை நாடு அந்த இரண்டு மாதத்தில் கண்டது.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களுக்கு அந்த இரண்டு மாதம் சின்ன விஷயம் அல்ல. மணல் தரையில் கிணற்றுநீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் போடுகிற, கடல் விட்டால் தொழிலுக்குப் போகிற குடும்பங்கள் இவை. கல்வியில் பின்தங்கியவை என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வகுத்த 16 மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. மாணவர் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மிச்சம் 5 வீதம் இந்த 16 மாவட்டங்களுக்கு. இப்படித் தட்டுத்தடுமாறி உள்ளே போகிற பிள்ளைக்கு ஒரு தவணை பிந்தினால் பட்டம் பிந்தும், வேலை பிந்தும், அடுத்த பிள்ளையின் படிப்புக்கான காசும் பிந்தும்.

அந்த வேலைநிறுத்தம் ஏன் வந்தது? மாதாந்த இழப்பீட்டுக் கொடுப்பனவு என்று ஒன்று. பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத் துண்டில் தனி வரியாக வரும், அடிப்படைச் சம்பளத்தின் இத்தனை வீதம் என்று கணக்கிடப்படும். 2016இல் அரச சேவைக்குச் சம்பளத் திருத்தம் வந்தபோது தங்களுக்குச் சேரவேண்டியதில் 15 வீதம் விடுபட்டுப் போனது என்பது தொழிற்சங்கங்களின் முறைப்பாடு. அதைச் சரிசெய்யச் சொல்லி ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, குழு போட்டார்கள், கடிதம் கொடுத்தார்கள். காசு வரவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சம்பளத்தின் பெறுமதி பாதியாகக் கரைந்த பிறகு பொறுமையும் கரைந்துபோனது.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பேரவை இருக்கிறது. சட்டப்படி அதுவே ஆளும் சபை. தன் ஊழியர்கள் இரண்டு மாதம் வாயிலில் நின்றபோது அந்தப் பேரவை என்ன செய்தது? என்ன செய்ய முடிந்தது?

மேசையைச் சுற்றி இருப்பவர்கள்

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம்தான் இன்றைக்கும் அடித்தளம். அதற்கு முன் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றே இருந்த காலத்திலும் பேரவை என்ற அமைப்பு இருந்தது. 1972இல் எல்லாவற்றையும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக மாற்றினார்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் அப்படித்தான் பிறந்தது. 1978இன் சட்டம் அவற்றை மறுபடியும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே மானியங்கள் ஆணைக்குழுவை உட்காரவைத்தது. ஆணைக்குழுவின் அங்கத்தவர்களை நியமிப்பவர் சனாதிபதி.

பேரவை எப்படி அமையவேண்டும் என்பதைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. உபவேந்தர் தலைமை தாங்குவார். பீடாதிபதிகள் எல்லோரும் இருப்பார்கள். கல்வி விவகாரங்களைக் கவனிக்கும் மூதவை தன் அங்கத்தவர்களில் இருவரைத் தெரிந்து அனுப்பும். இவர்களோடு, கல்வி, தொழில், வர்த்தகம், நிர்வாகம் முதலிய துறைகளில் பேர்பெற்றவர்களை ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கும். வெளியாரின் எண்ணிக்கை உள்ளிருப்போரைவிடக் கூடுதலாக இருக்கும்படி சட்டம் அமைந்திருக்கிறது. பதிவாளர் செயலாளராக இருந்து குறிப்பெழுதுவார்.

முகாமைத்துவ உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர், நூலக ஊழியர், சாரதி, காவலாளி, தோட்டத் தொழிலாளி என்று நீளும் கல்விசாராப் படைக்கு அந்த மேசையில் ஓர் ஆசனமும் இல்லை. அவர்களைச் சேவைக்கு எடுப்பதும் உறுதிப்படுத்துவதும் பதவி உயர்த்துவதும் தண்டிப்பதும் அந்தப் பேரவைதான். விரிவுரையாளர்களின் குரல் பீடாதிபதிகள் வழியாகவும் மூதவைப் பிரதிநிதிகள் வழியாகவும் உள்ளே போகும். ஊழியரின் குரல் தொழிற்சங்கக் கடிதமாகப் பதிவாளரின் மேசைவரை போகும். அதற்கு மேல் போகுமா என்பது பதிவாளரைப் பொறுத்தது.

சுற்றறிக்கையின் பயணம்

பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் யாரிடமாவது, "அந்த அலவன்ஸ் எப்ப வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "சேர்குலர் வரட்டும்" என்பார்கள். சேர்குலர் வந்த பிறகு கேட்டால், "கவுன்சிலுக்குப் போட்டிருக்கு" என்பார்கள். இந்த இரண்டு பதில்களுக்குள் முழு ஆட்சிமுறையும் அடங்கியிருக்கிறது.

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த மாதாந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயரும் என்று அறிவித்தார்கள். அது கட்டம் கட்டமாக வரும், முன்பிருந்த சில இடைக்காலக் கொடுப்பனவுகள் அதற்குள் கரைந்துபோகும். இந்த முடிவை எடுத்தது அரசாங்கம். அரச சேவைக்கு அதைச் சொல்வது பொது நிர்வாக அமைச்சின் சுற்றறிக்கை. பல்கலைக்கழக ஊழியர் நேரடியாக அந்தச் சுற்றறிக்கைக்குள் வரமாட்டார். அவருடைய சம்பள அளவுத்திட்டம் வேறு, பதவிப் பெயர்கள் வேறு. ஆகவே மானியங்கள் ஆணைக்குழு, திறைசேரியின் இணக்கத்தோடு, தன் சுற்றறிக்கையை வெளியிடவேண்டும். அது வந்ததும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பதிவாளர் அதைப் பேரவைக்குச் சமர்ப்பிப்பார். பேரவை ஏற்றுக்கொள்ளும். நிதியாளரின் பகுதி கணக்குப் போடும். ஆளணி எண்ணிக்கையில் மாற்றம் வேண்டுமென்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. ஒரு சுத்திகரிப்புத் தொழிலாளி ஓய்வுபெற்றால், அந்த வெற்றிடத்தை நிரப்பப் பல்கலைக்கழகம் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை அதனால்தான்.

காசு விஷயத்தில் பேரவையின் கை கட்டப்பட்டிருக்கிறது, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. பொதுப்பணம் அது. ஒரு பல்கலைக்கழகம் தன் இஷ்டத்துக்கு ஒரு கொடுப்பனவை உருவாக்கினால் மற்றவை எல்லாம் கேட்கும். கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆண்டுதோறும் கணக்குகளைப் பார்க்கிறார். அனுமதியின்றிக் கொடுத்த காசு இருந்தால் அறிக்கையில் வரும். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழு உபவேந்தரைக் கூப்பிட்டுக் கேட்கும். ஆகவே பெரும்பாலான பேரவைகள் சுற்றறிக்கைக்கு வெளியே ஓர் அடியும் வைப்பதில்லை. 2024இன் வேலைநிறுத்தத்தைத் தனியாகத் தீர்க்க எந்தப் பேரவையாலும் முடிந்திருக்காது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், கை கட்டப்பட்டிருக்கிறது என்ற காரணத்தை வைத்துக்கொண்டு வாயையும் கட்டிக்கொள்வது நியாயம் ஆகாது. ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தீர்மானம் நிறைவேற்றலாம், அதை ஊழியருக்கும் நாட்டுக்கும் பகிரங்கமாகச் சொல்லலாம். இவற்றுக்கெல்லாம் எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

சம்பளத் துண்டைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம்

ஊழியர் நலன் என்றால் கொடுப்பனவு மட்டும் அல்ல. நீண்ட காலத்துக்குப் பெரியது சேமலாப நிதி. தனியார் துறையில் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம் கட்டுவார்கள். பல்கலைக்கழகங்களுக்குத் தனியான சேமலாப நிதியம் உண்டு. ஊழியர் 10 வீதம் கட்டுவார், பல்கலைக்கழகம் 15 வீதம் கட்டும். அந்த 15இல் 8 வீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகும், 7 வீதம் சேமலாபத்தில் சேரும். இதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் பல்கலைக்கழகம் 3 வீதம் கட்டும்.

பங்களிப்புக்கு உட்படும் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 4,000 ரூபாய் ஊழியரின் கையிலிருந்து போகும். பல்கலைக்கழகத்தின் 6,000 ரூபாயில் 3,200 ஓய்வூதியத்துக்கு, 2,800 சேமலாபத்துக்கு. நம்பிக்கை நிதியத்துக்கு 1,200. மாதம் 11,200 ரூபாய் அந்த மனிதரின் பெயரில் எதிர்காலத்துக்கு ஒதுங்குகிறது. அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய சேமிப்பு இதுதான். இந்தப் பணம் எங்கே முதலிடப்படுகிறது, என்ன வட்டி கிடைக்கிறது என்பது அவருக்கு வருடத்தில் ஒருமுறையாவது தாய்மொழியில் தெரிகிறதா? மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. காவலாளியும் சாரதியும் தங்கள் உரிமையைப் பகுதித்தலைவரின் வாயிலிருந்துதான் அறிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. தமிழ் பேசும் ஊழியருக்கு இது இரட்டைச் சுமை.

ஓய்வூதிய நிதி என்றால் அசையாத பாறை என்று நினைத்துவிடக் கூடாது. கற்பிட்டிக் கரையோர மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் சட்டம் போட்டு ஓய்வூதியத் திட்டங்கள் தொடங்கினார்கள். விவசாயிகளின் நிதி வற்றி 2012இல் கொடுப்பனவு நின்றது. வாங்கிக்கொண்டிருந்த வயோதிபர்கள் தவித்துப்போனார்கள். அரசாங்கம் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து காசு எடுத்த பிறகுதான் மீண்டும் கிடைக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் போட்ட கணக்கு பிழைத்தால், கிழவரும் கிழவியும்தான் அதன் விலையைக் கட்டுகிறார்கள்.

செல்வம் கொழிக்கும் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை ஆளும் சபை ரீஜென்ட்ஸ். மாநில அரசியலமைப்பே அதற்குப் பெரும் தன்னாட்சி கொடுத்திருக்கிறது. ஊழியரின் ஓய்வூதியத்தைத் தானே வகுக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. 1990இல் ஓய்வூதிய நிதியில் மிதமிஞ்சிய உபரி இருக்கிறது என்று கணக்குக் காட்டியதும், ஊழியரும் பல்கலைக்கழகமும் பங்களிப்புக் கட்டுவதையே நிறுத்திவைத்தார்கள். அந்த நிறுத்தம் ஏறக்குறைய இருபது வருடம் நீண்டது. உபரி கரைந்து பற்றாக்குறையான பிறகு 2010இல்தான் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். பின்னால் சேர்ந்த ஊழியர்களுக்கு 2013இலும் 2016இலும் சலுகை குறைந்த புதிய திட்டங்கள் வந்தன. முன்னவர்கள் கட்டாமல் விட்டதைப் பின்னவர்கள் சுமந்தார்கள். முழு அதிகாரம் கையில் இருந்த சபையும் தவறியது. அதிகாரத்தைக் கீழே இறக்கினால் மட்டும் போதும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் நான் காட்டுவேன். மேசையில் யார் இருக்கிறார்கள், கணக்கை யார் பார்க்க முடிகிறது என்பதுதான் முக்கியம்.

பேரவையின் கையில் உண்மையில் இருப்பது

சம்பளம், சேமலாபம், ஓய்வுபெறும் வயது எல்லாம் மேலே தீர்மானிக்கப்படுகின்றன. பேரவைக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால், நிறையவே மிஞ்சுகிறது. ஊழியரின் அன்றாட மரியாதை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

பதவி உயர்வு நேர்முகம் எப்போது வைப்பது? உறுதிப்படுத்தும் கடிதம் எப்போது கையெழுத்தாவது? விடுமுறை கேட்ட விண்ணப்பம் எத்தனை மாதம் கிடப்பது? ஊழியர் குடியிருப்பு யாருக்கு, பிள்ளைப் பராமரிப்பு நிலையம் உண்டா இல்லையா, மருத்துவ உதவித் திட்டத்தில் பெற்றோரைச் சேர்ப்பதா, ஒழுக்காற்று விசாரணையை எத்தனை நாளில் முடிப்பது? இவற்றில் பலவற்றுக்குச் சட்டமும் சேவை விதிகளைச் சொல்லும் தாபனக் கோவையும் வரம்பு காட்டும். அந்த வரம்புக்குள் வேகமாக நடப்பதும் இழுத்தடிப்பதும் பேரவையின் விருப்பம். பதவி உயர்வு ஒரு வருடம் பிந்தினால் அந்த வருடத்தின் சம்பள ஏற்றமும் பிந்தும், ஓய்வூதியக் கணக்கிலும் அதன் நிழல் விழும். எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமலே ஒரு ஊழியரின் நலன் இப்படி வெட்டுப்படுகிறது.

பிரசவ விடுமுறையைப் பாருங்கள். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள், அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாட்கள், பிறகு சம்பளமற்ற 84 நாட்கள் என்பது அரச துறையின் ஒழுங்கு. உரிமை காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த உரிமையோடு வீட்டில் இருக்கும் பெண்ணின் வேலையை யார் செய்வது என்று நிர்வாகம் ஒழுங்கு செய்யாவிட்டால் சுமை பக்கத்து மேசைப் பெண்ணின் தலையில் விழும். அடுத்து அவள் விடுமுறை கேட்கும்போது முகங்கள் சுருங்கும். பதில் ஆளை ஒழுங்கு செய்யும் கொள்கையைப் பேரவைதான் வகுக்கவேண்டும்.

விரிவுரையாளர் பக்கத்திலும் ஒரு பெரிய விஷயம் உண்டு. ஏழு வருடச் சேவைக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு ஆய்வு விடுமுறை எடுக்கலாம். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகிறவருக்குப் படிப்பு விடுமுறை உண்டு. அதற்கு அவர் முறி எழுதிக் கொடுத்து, பிணையாளர்களை வைத்துவிட்டுப் போகவேண்டும். திரும்பி வராதவர்களிடமிருந்து அறவிடவேண்டிய பணம் பல்கலைக்கழகங்களின் கணக்காய்வு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2022க்குப் பிறகு நாட்டை விட்டுப் போன விரிவுரையாளர்களால் இது இன்னும் பெருத்திருக்கிறது. போனவரைக் குறைசொல்லி முடிப்பது சுலபம். பிணை வைத்தவர் கூட வேலை செய்த நண்பர், பணம் அவருடைய சம்பளத்தில் கழிகிறது. இளம் விரிவுரையாளர் திரும்பி வரும்படியான வீடும் ஆய்வு வசதியும் சம்பளமும் இருந்தனவா என்று பேரவை தன்னையே கேட்டுக்கொண்டால்தான் அந்தக் கொள்கை முழுமையாகும்.

பேரவையின் முடிவு பிடிக்காத ஊழியருக்கு மேன்முறையீடு செய்ய வழி உண்டு. சனாதிபதி நியமிக்கும் மூவர் கொண்ட பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒலுவிலிலிருந்தோ ஒரு தொழிலாளி அங்கே போய் வழக்காடுவது என்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் சட்டத்தரணியின் கட்டணமும் ஆகும். பலர் போவதில்லை. பேரவைக்கு முன்னால் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் படித்துவிட்டு இலங்கைக் கதை என்று ஒதுக்கவேண்டாம். அங்கே பேரவையின் இடத்தில் சிண்டிகேட் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் மாதக்கணக்கில் பணத்துக்காகப் போராடியதை நாளிதழ்களில் பார்த்தோம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேவைக்கு மேல் ஆட்களை எடுத்து, நிதி முறிந்து, 2013இல் அரசாங்கமே கையில் எடுக்கவேண்டி வந்தது. கூடுதலாக எடுக்கப்பட்டவர்களை வேறு அரச நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஆளும் சபை கேள்வி கேட்காமல் இருந்த ஒவ்வொரு வருடத்தின் கணக்கும் கடைசியில் குமாஸ்தா வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

கேட்கவேண்டியவை

என் கோரிக்கைகள் இரண்டே இரண்டு. முதலாவது, 44ஆம் பிரிவைத் திருத்துங்கள். மூதவை தன் இருவரைத் தெரிவதைப் போல, கல்விசாரா ஊழியர்கள் இரகசிய வாக்கெடுப்பில் தங்கள் இருவரைத் தெரிந்து பேரவைக்கு அனுப்பட்டும். இருவர் வந்தால் பேரவை தொழிற்சங்க மேடை ஆகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. வெளியாருக்கு அங்கே பெரும்பான்மை இருக்கும்போது இரண்டு வாக்கு எதையும் கவிழ்க்காது. பிரச்சினை வாயிலுக்கு வருவதற்கு முன்பே மேசைக்கு வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஊழியர் நலன் பற்றிய ஒவ்வொரு பேரவைத் தீர்மானத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு மாதத்துக்குள் வெளியிடுங்கள். தனிநபரின் பெயரும் ஒழுக்காற்று விபரமும் நீங்கலாக மற்றவற்றில் மறைக்க எதுவும் இல்லை.

சட்டத் திருத்தம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவேண்டிய அவசியமும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையோ அங்கே வேலை செய்யும் ஒருவரோ இருந்தால், 2024 மே, ஜூன், ஜூலை மாதங்களில் அந்தப் பல்கலைக்கழகப் பேரவை வேலைநிறுத்தத்தைப் பற்றி என்ன தீர்மானம் எடுத்தது என்ற கூட்டக்குறிப்பைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கிடைக்கும் பதிலை இந்த இதழுக்கு அனுப்பிவையுங்கள், வெளியிடுகிறோம்.